எல்லைக் கிராமமும் அரசியல் சாசனமும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைத் தாண்டிப் பாறசாலையை அடைந்து, இன்னும் சிறிது தூரம் சென்றால் களியக்காவிளை வந்துவிடுகிறது. அங்கே கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது, மண் மாறுவதில்லை. அதே தென்னை, அதே மரச்சீனி, அதே செம்மண். இச்சாலையினின்று கடற்பக்கமாக விலகிச் சென்றால், நெய்யாற்றின்கரைத் தாலூகாவில் காஞ்சிரங்குளம் என்னும் ஊர் இருக்கிறது. காஞ்சிரம் என்பது எட்டி மரம். தமிழனுக்கும் அப்பெயர் விளங்கும், மலையாளிக்கும் விளங்கும். எட்டி மரம் நின்ற குளக்கரை எம்மொழிக்கு உரியது என்று முன்னோர் வினவியதில்லை. அவ்வினாவை எழுப்பியது நமது நூற்றாண்டு.

ஓர் ஊரை இந்த ராஜ்யத்தில் வைப்பதா, அந்த ராஜ்யத்தில் வைப்பதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? அவ்வாறு தீர்மானித்தபின் அவ்வூரில் சிறுபான்மையாகிவிட்ட மக்களின் மொழிக்கும் பள்ளிக்கும் காவலாக நிற்பவர் யார்? முதல் வினாவுக்கு விடை பாராளுமன்றம். இரண்டாம் வினாவுக்கு விடை அத்துணை எளிதன்று. பாராளுமன்றம் ஒரு பகுதியைச் செய்தது. நீதிமன்றம் ஒரு பகுதியைச் செய்தது. எஞ்சிய பகுதி நம்மிடமே விடப்பட்டிருக்கிறது. தாய்நாட்டை விட்டுப் பிற ராஜ்யங்களில் வாழும் தமிழ் மக்களாகிய நமக்கு இவ்வரலாறு வெறும் எல்லைக் கதை அன்று. நம் வீட்டுக் குழந்தையின் பாடப்புத்தகத்தைப் பற்றிய கதை.

சுதந்திரத்துக்குப் பின் திருவிதாங்கூரும் கொச்சியும் 1949-ல் ஒரே ராஜ்யமாயின. அதன் தென்பகுதித் தமிழர்கள், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற அமைப்பின் வாயிலாக, மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில், தமிழ்த் தாலூகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று கோரினர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றோடு நெய்யாற்றின்கரையும், செங்கோட்டையும், மலைப்பகுதியான தேவிகுளம், பீருமேடும் அவ்வாறு கோரப்பட்டவற்றுள் அடங்கும். 1954 ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட ராஜ்ய சீரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. தெற்கிலுள்ள நான்கு தாலூகாக்களும் செங்கோட்டையும் சென்னைக்குச் செல்லலாம் என்றும், தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் இருக்க வேண்டும் என்றும் அது கூறியது. நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே நின்றது. 1956 நவம்பர் முதல் தேதி அக்கோடு சட்டமாயிற்று. விளவங்கோடு இப்புறமும் நெய்யாற்றின்கரை அப்புறமுமாகப் பிரிந்தன. திருமண உறவும் சந்தை உறவும் கொண்ட குடும்பங்கள் பொழுது விடிந்தபோது இரு ராஜ்யத்தவராயின.

இதனைச் செய்யப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தந்தது அரசியல் சாசனத்தின் 3-ஆவது ஷரத்து. ஜனாதிபதியின் பரிந்துரையின்மேல் மசோதா கொணரலாம். சம்பந்தப்பட்ட ராஜ்யத்தின் சட்டசபையினுடைய கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் அக்கருத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. சாதாரணப் பெரும்பான்மையே போதும். பம்பாய் ராஜ்யத்தின் அமைப்பைப் பற்றி எழுந்த பாபுலால் பராத்தே வழக்கில், 1959-ல் உச்ச நீதிமன்றம் இவ்வதிகாரத்தின் அகலத்தை ஒப்புக்கொண்டது. மசோதா பின்னர் திருத்தப்பட்டாலும் மறுபடி சட்டசபையின் கருத்தைக் கேட்கத் தேவையில்லை என்றது. எல்லை வகுப்பது அரசியல் ஞானத்தைப் பொறுத்தது; அதில் நீதிபதி தலையிட அதிக இடமில்லை. இந்த ஒரு துறையில் தராசின் தட்டுப் பாராளுமன்றத்தின் பக்கமே தாழ்ந்து நிற்கிறது.

ஆயினும், கோடு கிழித்த கையே ஒரு வாக்குறுதியையும் எழுதியது என்பதை நாம் மறக்கலாகாது. அதே 1956-ஆம் ஆண்டு நிறைவேறிய ஏழாவது திருத்தம் 350-ஏ, 350-பி என்னும் இரு ஷரத்துகளைச் சேர்த்தது. முன்னது, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு ராஜ்யமும் முயல வேண்டும் என்கிறது. ஜனாதிபதி இதற்காகக் கட்டளைகள் பிறப்பிக்கலாம். பின்னது, மொழிச் சிறுபான்மையினருக்காக ஓர் அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது. அவருடைய அறிக்கைகள் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். 1957-ல் அப்பதவி ஏற்பட்டது. ஒரு பள்ளியில் 40 குழந்தைகள், அல்லது ஒரு வகுப்பில் 10 குழந்தைகள், தம் தாய்மொழியில் கற்க விரும்பினால் அதற்கு ஆசிரியர் நியமிக்கப்பட வேண்டும் என்று 1949-லேயே மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு வகுத்த விதியும் புதிய ராஜ்யங்களுக்கு வழிகாட்டியாக வைக்கப்பட்டது.

இங்கே ஒரு சொல்லை நிறுத்திப் பார்ப்போம். "முயல வேண்டும்" என்பது அந்தச் சொல். முயற்சி வேறு, கடமை வேறு. முயன்றோம், இயலவில்லை என்று சொல்லிவிட்டால் வழக்குத் தொடுப்பது கடினம். 350-ஏ ஷரத்து அடிப்படை உரிமைகள் அடங்கிய மூன்றாம் பாகத்தில் இடம் பெறவில்லை. அந்தப் பாகத்தில் இருப்பவை 29, 30-ஆவது ஷரத்துகள். தனி மொழியும் எழுத்தும் பண்பாடும் உடைய மக்கள் அவற்றைக் காத்துக்கொள்ளலாம் என்பது 29. மதத்தையோ மொழியையோ அடிப்படையாகக் கொண்ட சிறுபான்மையோர் யாவரும் தாம் விரும்பும் கல்விக் கூடங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை உடையவர் என்பது 30. அடிப்படை உரிமை பறிபோனால் நேரே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். ஆகவே எல்லைத் தமிழனுக்கு இருவகைச் செல்வம் கிடைத்தது: ஒன்று பாராளுமன்றம் தந்த வாக்குறுதி, மற்றொன்று நீதிமன்றம் காக்கும் உரிமை.

ஆனால் சிறுபான்மையோர் என்போர் யார்? இவ்வினாவுக்கு அரசியல் சாசனம் விளக்கம் தரவில்லை. விளக்கம் வந்த வழி சுவையானது. 1957 ஏப்ரலில் கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் மந்திரிசபை அமைந்தது. கல்வி மந்திரி ஜோசப் முண்டச்சேரி ஒரு கல்வி மசோதாவைக் கொணர்ந்தார். தனியார் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு நேரான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் தேடித் தருவது அதன் நல்ல நோக்கங்களுள் ஒன்று. அதோடு பள்ளிகளின் நிர்வாகத்தை அரசாங்கம் தானே எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தையும் மசோதா வழங்கியது. சட்டசபை அதனை நிறைவேற்றியது. கவர்னர் ஜனாதிபதியின் ஆலோசனைக்கு அனுப்பினார். ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் 143-ஆவது ஷரத்தின்படி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958 மே 22-ந் தேதி, தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் உள்ளிட்ட எழுவர் கொண்ட ஆயம் தன் கருத்தை வெளியிட்டது.

மொத்த ஜனத்தொகையில் பாதிக்குக் குறைந்தவர் சிறுபான்மையோர் என்றால், எந்த மொத்தத்தில் பாதி? கேரள அரசாங்கத்தின் சார்பில், பள்ளி இருக்கும் பகுதியையே அளவாகக் கொள்ள வேண்டும் என்று வாதிடப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பகுதி என்றால் ஜில்லாவா, தாலூகாவா, நகரமா, வார்டா? ஒரு நகரத்தின் ஒரு மூலையில் ஆங்கிலோ இந்தியரோ, கிறிஸ்தவரோ, முஸ்லிம்களோ கூடி வாழ்ந்தால், அம்மூலையில் அவர்களே பெரும்பான்மையோர் ஆவர். அக்காரணத்தாலேயே அவர்களுடைய உரிமை அங்கே இல்லாமற் போய்விடுமோ? மசோதா கேரளம் முழுமைக்கும் உரியது. ஆகையால் கேரளம் முழுமையையும் அளவாகக் கொண்டே சிறுபான்மையைக் கணக்கிட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

இவ்விளக்கத்தை எல்லைக் கிராமத்தில் வைத்துப் பாருங்கள். நெய்யாற்றின்கரைப் பகுதியில் ஒரு தெருவில் பத்து வீடுகளில் ஒன்பது தமிழ் வீடுகளாகவே இருக்கட்டும். அங்கே தமிழர் பெரும்பான்மையோர் ஆகிவிட்டார்கள், இனி அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டியதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தெருவைக் கொண்டன்று, ராஜ்யத்தைக் கொண்டே கணக்கு. சேர்ந்து வாழ்வதால் உரிமை தேய்வதில்லை என்பதே இதன் பொருள். தாராவியிலும், பெங்களூரிலும், டெல்லியிலும் ஒரே வட்டாரத்தில் கூடி வாழும் நமக்கும் இந்த விளக்கமே காவல்.

மசோதாவின் சில பிரிவுகளை நீதிமன்றம் ஏற்றது, சிலவற்றை மறுத்தது. ஆசிரியர் நியமனத்தை ஒழுங்குபடுத்தும் பிரிவுகளை, சிறிது தயக்கத்தோடு, அனுமதித்தது. நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று தெளிவாகக் கூறியது. ஆனால் சிறுபான்மையோரின் பள்ளி நிர்வாகத்தையே பறித்துக்கொள்ளும் 14, 15-ஆவது பிரிவுகள் செல்லாதவை என்றது. அரசாங்க அங்கீகாரம் இல்லாத பள்ளியில் படித்த மாணவனுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபடும். ஆகவே உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் அங்கீகாரம் என்று நிபந்தனை விதிப்பது உரிமையைப் பறிப்பதே ஆகும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. இதில் மாறுபட்டவர் ஒருவர் உண்டு. அவர் முத்துஸ்வாமி தீக்ஷிதர் கீர்த்தனைகளில் துறைபோன இசையறிஞராகவும் விளங்கிய நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர். பள்ளி நிறுவும் உரிமை வேறு, அரசாங்க அங்கீகாரம் பெறும் உரிமை வேறு. பின்னதை 30-ஆவது ஷரத்து தரவில்லை என்று அவர் எழுதினார். சட்டம் இயற்றுவோர் சொல்லாததை நீதிபதி சேர்த்துப் படிக்கலாமா என்ற கவலை அதில் ஒலிக்கிறது. அக்கவலை அற்பமானதன்று.

நீதிமன்றம் கருத்தைக் கூறியதோடு காரியம் முடிந்ததா? இல்லை. மசோதா சட்டசபைக்குத் திரும்பியது, திருத்தப்பட்டது, 1959-ல் ஜனாதிபதியின் ஒப்புதலைப் பெற்றுச் சட்டமாயிற்று. நீதிபதிகள் சட்டத்தை எழுதவில்லை. சட்டம் எங்கே வரம்பு மீறுகிறது என்று காட்டினர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் வரம்பை அறிந்து மீண்டும் எழுதினர். ஒருவர் பேச ஒருவர் விடையளிக்கும் இம்முறையே நமது அரசியல் சாசனத்தின் இயல்பு. இங்கிலாந்தில் பாராளுமன்றம் செய்த சட்டத்தை எந்த நீதிமன்றமும் செல்லாது என்று தள்ள இயலாது. அமெரிக்காவிலோ 1803-ஆம் ஆண்டின் மார்பரி வழக்கு முதலாக நீதிமன்றமே சாசனத்தின் பொருளை இறுதியாகச் சொல்கிறது. நாம் நடுவழியைத் தேர்ந்தோம். சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி உத்தரவை 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் நீதிமன்றம் தள்ளியபோது, அதே ஆண்டிலேயே பாராளுமன்றம் முதல் திருத்தத்தை நிறைவேற்றிப் பிற்பட்டோருக்கு வழி செய்தது. தமிழர் நன்கறிந்த உதாரணம் இது.

திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்ற பெருங்கேள்வியும் கேரளத்தின் ஓர் எல்லையிலிருந்தே எழுந்தது என்பது விந்தை. தெற்கே நெய்யாற்றின்கரை தமிழ் எல்லை என்றால், வடக்கே காசர்கோடு கன்னட எல்லை. அங்கே எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டங்களை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 13 நீதிபதிகள் கேட்டனர். 1973 ஏப்ரல் 24-ல் எழுவர் ஒரு புறமும் அறுவர் ஒரு புறமுமாகத் தீர்ப்பாயிற்று. பாராளுமன்றம் சாசனத்தின் எப்பகுதியையும் திருத்தலாம். ஆயினும் அதன் அடிப்படை அமைப்பைச் சிதைக்கலாகாது. கூடலூர் ஜன்ம நிலங்களைப் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டத்தினின்று கிளைத்த கோயெல்ஹோ வழக்கில், 2007-ல் ஒன்பது நீதிபதிகள், 1973-க்குப் பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம் என்றனர். நாளை ஒரு பெரும்பான்மை 30-ஆவது ஷரத்தையே நீக்க முற்பட்டால், அம்முயற்சியும் இவ்வுரைகல்லுக்குத் தப்பாது.

இத்தடை இல்லாவிடில் என்ன நேரும் என்பதைக் கடலுக்கு அப்பால் நம் இனத்தாரின் வரலாறு காட்டுகிறது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்ற அதே 1956-ல், இலங்கைப் பாராளுமன்றம் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தது. சிங்களத் தேர்வில் தேறாததால் ஊதிய உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்னும் தமிழ் அரசாங்க ஊழியர் வழக்குத் தொடுத்தார். சிறுபான்மையோரைப் பாதிக்கும் சட்டத்தைத் தடுக்கும் 29-ஆவது பிரிவு அன்றைய இலங்கைச் சாசனத்தில் இருந்தது. 1964-ல் கொழும்பு ஜில்லா நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது. மேல்முறையீட்டில் அரசாங்க ஊழியர் ஊதியத்துக்கு வழக்கிடவே முடியாது என்று அது மாற்றப்பட்டது. 1969-ல் லண்டன் பிரிவி கவுன்சில், வழக்கிடலாம் என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவை மீண்டும் இலங்கை நீதிமன்றத்துக்கே அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை வரவே இல்லை. பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும் வழி 1971-ல் அடைபட்டது. 1972-ல் வந்த புதிய சாசனத்தில் 29-ஆவது பிரிவே இல்லை. கேள்வி கேட்ட மனிதர் இருந்தார். விடை சொல்ல வேண்டிய விதி மறைந்துவிட்டது. அதன் பின்விளைவுகளை நாம் அறிவோம்.

ஆனால் நீதிமன்றத்தையே முழுவதும் நம்பி இருப்பதும் அறிவுடைமை ஆகாது. மொழிச் சிறுபான்மைக்குத் தனிப் பேச்சுமொழி இருந்தாலே போதும், தனி எழுத்து வேண்டியதில்லை என்று 1971-ல் பஞ்சாபிலிருந்து வந்த டி. ஏ. வி. கல்லூரி வழக்கில் தீர்ப்பாயிற்று. ராஜ்யமே அளவு என்ற 1958-ஆம் ஆண்டின் விளக்கத்தை, 2002-ல் டி. எம். ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் உறுதி செய்தனர். ஆயினும் 2004-ல் உஷா மேத்தா வழக்கில், மகாராஷ்டிரத்துச் சிறுபான்மைப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது உரிமைக் குறைவன்று என்பது அதன் சாரம். கேரளம் 2017-ல் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே, 2006-ல், தமிழ்நாடு தமிழைக் கட்டாயப் பாடமாக்கியிருந்தது. அப்போது தமிழ்நாட்டிலுள்ள தெலுங்கு, கன்னட, மலையாள, உருது மக்கள் நீதிமன்றங்களை நாடி இடைக்கால விலக்குகளைப் பெற்றனர். நெய்யாற்றின்கரைத் தமிழனுக்கு நாம் எதைக் கேட்கிறோமோ அதையே விளவங்கோட்டு மலையாளிக்கும் கொடுக்க மனம் வர வேண்டும். எல்லைக் கோடு ஒன்றுதான். அதன் இரு புறத்திலும் சிறுபான்மையோர் உண்டு.

இறுதியாக, நீதிமன்றத்தின் கைக்கு எட்டாத ஒன்று இருக்கிறது. பள்ளியைப் பறிக்க வந்த கையை நீதிபதி தடுப்பார். ஆனால் பள்ளிக்குத் தமிழாசிரியரை அனுப்புவதும், பாடநூலை அச்சிடுவதும், கட்டடத்துக்குக் கூரை வேய்வதும் சட்டசபையும் அரசாங்கமும் செய்ய வேண்டியவை. பள்ளியில் குழந்தையைச் சேர்ப்பதோ பெற்றோர் செய்ய வேண்டியது. 2014-ல் கர்நாடகத்து வழக்கில் ஐந்து நீதிபதிகள், குழந்தையின் தாய்மொழி எது என்று சொல்ல வேண்டியவர் பெற்றோரே. தாய்மொழியில்தான் கற்க வேண்டும் என்று அரசாங்கம் வற்புறுத்த இயலாது என்றனர். இத்தீர்ப்பு சுதந்திரத்தையும் தருகிறது, பொறுப்பையும் தருகிறது. பெற்றோர் தமிழ் என்று சொன்னால் தமிழ். சொல்லாவிட்டால் சாசனமே வந்து சொல்லாது. 40 குழந்தைகள் என்ற கணக்கு, 40 தாய் தந்தையரின் கையெழுத்தைக் காத்திருக்கிறது.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பள்ளியிற் சேர்க்கும்போது தாய்மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதுவது முதற்படி. ஒரே வகுப்பில் பத்து வீட்டார் கூடினால் ஆசிரியர் வேண்டும் என்று கூட்டாக விண்ணப்பிப்பது இரண்டாம் படி. ராஜ்யத்தில் வழங்கும் எம்மொழியிலும் அரசாங்கத்துக்குக் குறையை எழுதித் தெரிவிக்கலாம் என்பது 350-ஆவது ஷரத்து. கேரளத்தில் 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தம் மொழியிலேயே அரசாங்கத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தந்தது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவது மூன்றாம் படி. பயிலாத உரிமை, எடுத்தாளாத கருவியைப் போலத் துருவேறும்.

காஞ்சிரங்குளத்தின் பெயர் இரு மொழிக்கும் உரியது என்றோம். கோடு வகுத்தது பாராளுமன்றம். அக்கோட்டின் அப்புறத்தில் நின்றவனும் முழுக் குடிமகனே என்று பொருள் சொன்னது நீதிமன்றம். ஒன்று மற்றொன்றை விழுங்காமல் இரண்டும் நிலைபெற்றிருக்குமளவும், எந்த ராஜ்யத்தில் வாழும் தமிழ்க் குழந்தையும் 'அ' என்று எழுதிப் பழக ஒரு பலகைக்கு உரிமை உண்டு. பலகையைக் குழந்தையின் கையில் கொடுப்பது நமது வேலை.